போர்வையில் யார் பெயர்?



மார்கழிப் பனி இறங்குவதற்கு முன், கீழ்பென்னாத்தூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் தனியாக வாழும் முதியவர்களுக்குச் சாதி, மத வேறுபாடின்றிப் போர்வை வழங்குவது நமது அறக்கட்டளையின் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். மொத்தக் கடையில் வாங்குவோம். ஒரு மூலையில் அறக்கட்டளையின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுப்போம். பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், போட்டோவில் பெயர் தெரிய வேண்டும் என்பது அதற்கு நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். அதில் தவறு இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு குளிர்காலத்தில், நாங்கள் போர்வை கொடுத்த ஓர் ஆயாவைப் பார்க்கப் போயிருந்தோம். போர்வை திண்ணையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி மடித்திருந்தார். அச்சு அழியாமல் இருக்கத்தான் அப்படி மடிக்கிறாரோ என்று நினைத்துக் கேட்டோம். அவர் சொன்னார்: "அது உள்ளயே இருக்கட்டும் தம்பி. வெளிய தெரிஞ்சா, வர்றவங்க எல்லாம் இது தர்மப் போர்வைன்னு சொல்றாங்க."

எங்களிடம் பதில் இல்லை. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நாங்கள், நான்கு அங்குல எழுத்தில் ஊருக்கே தெரியும்படி கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு அச்சடிப்பதை நிறுத்திவிட்டோம். இப்போது எங்கள் தையல் வகுப்பில் தயாராகும் போர்வைகளில் ஒரு பெயர் இருக்கிறது. அது வாங்குபவரின் பெயர். அச்சும் இல்லை, எம்பிராய்டரியும் இல்லை. வெட்டுத்துணிகளை ஒன்றோடொன்று இணைத்தே அந்த எழுத்துகளை உருவாக்குகிறோம். "இது எப்படிச் செய்கிறீர்கள்?" என்று பல சகோதரிகள் கேட்டதால் இந்தக் கட்டுரை.

ஒட்டுவதும் இணைப்பதும்

துணியில் எழுத்து வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரு துணியின் மேல் இன்னொரு துணியை வெட்டி வைத்து ஓரத்தைத் தைப்பது. திருவண்ணாமலைத் தேரோட்டத்தில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். பூவும் யாளியும் வெவ்வேறு நிறத் துணியில் வெட்டி மேலே வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். எகிப்தின் கெய்ரோ நகரில் பாப் ஸுவைலா என்ற பழைய கோட்டை வாசலுக்கு வெளியே கூடாரம் தைப்பவர்களின் தெரு ஒன்று இருக்கிறது. அங்கே 'கயாமிய்யா' என்ற பெயரில், கூடாரத் திரைகளில் அரபி எழுத்துகளையும் கோலங்களையும் இதே முறையில் தைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்பவர்கள் பரம்பரையாக ஆண்கள்.

இரண்டாவது வழி, துண்டோடு துண்டை இணைப்பது. இதில் எழுத்து மேலே உட்காருவதில்லை. எழுத்தின் கோடு ஒரு பட்டைத் துணி, கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் இன்னொரு துணி. இரண்டும் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து ஒரே பரப்பாகிவிடும். கல்யாண மேடையில் தெர்மோகோலில் வெட்டி ஒட்டும் பெயர் ஒரு ராத்திரி இருக்கும். அச்சடித்த பெயர் பத்து முறை துவைத்தால் உரியும். இணைத்துத் தைத்த பெயரைப் போர்வையிலிருந்து பிரிக்க வேண்டுமென்றால் போர்வையையே பிரிக்க வேண்டும். தினமும் புரண்டு படுக்கும், அடிக்கடி துவைக்கும் பொருளுக்கு இந்த முறைதான் ஏற்றது.

பழந்துணியை இணைத்துப் போர்வை தைப்பது நமக்குப் புதிதல்ல. பாட்டிமார் பழைய சேலைகளை நான்கு மடிப்பாக அடுக்கி, நெடுக ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைகளுக்குப் போர்த்தியதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியால், யெல்லாபுர், முண்ட்கோடு பகுதிகளில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள். அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' என்ற போர்வை இன்று உலகம் அறிந்தது. பழைய சேலை ஒன்றை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, கைக்கு வந்த துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முன்கூட்டி வரைந்த படம் கிடையாது. நான்கு மூலையிலும் மடித்த துணியால் 'ஃபுலா' என்ற சிறு பூ வைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை முழுமை பெறாது என்பது அவர்கள் வழக்கம். அளவு நாடாவை நம்பாமல் கண்ணையும் கையையும் நம்பித் தைக்கும் இந்த மனநிலைதான் எழுத்துத் தையலுக்கும் வேண்டும்.

'ட' தெரிந்தால் போதும்

தமிழ் எழுத்து வளைவு நிறைந்தது, துணியில் வராது என்று முதலில் நாங்களும் நினைத்தோம். வகுப்பில் ஒரு சகோதரி, மகனின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக எழுதிக் காட்டிய பிறகுதான் எளிமை புரிந்தது.

தேவையானவை: எழுத்துக்கு அடர்நிறத் துணி, பின்னணிக்கு வெளிர்நிறத் துணி. எழுத்துக்கான துணியைச் சுமார் ஒன்றரை இஞ்ச் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தையலிலும் ஓரத்தில் கால் இஞ்ச் உள்ளே போகும். ஆகவே இரு பக்கமும் தைத்து முடிந்தபின் ஒன்றரை இஞ்ச் பட்டை ஒரு இஞ்சாகத் தெரியும். இந்தக் கணக்கை மறந்தால் எழுத்து நூலாக இளைத்துவிடும்.

முதல் பாடம் 'ட'. நான்கு இஞ்ச் அகலம், ஐந்து இஞ்ச் உயரத்தில் ஒரு பின்னணித் துண்டு. அதன் இடப்பக்கம் ஒரு பட்டையைத் தையுங்கள். பிரித்து இஸ்திரி போடுங்கள். பிறகு அடிப்பக்கம் முழு அகலத்துக்கும் ஒரு பட்டையைத் தையுங்கள். இரண்டே தையலில் 'ட' வந்துவிட்டது.

வலப்பக்கமும் ஒரு பட்டை சேர்த்து, பிறகு அடிப்பட்டையைத் தைத்தால் 'ப'. அந்த 'ப'வைத் தலைகீழாகத் திருப்பினால் துணைக்கால். துணைக்காலின் வலது காலடியில் சிறு சாய்வுத் துண்டு சேர்த்தால் 'ர'. 'ட'வை அரைச்சுற்று சுற்றிப் பாருங்கள், மேலே ஒரு குறுக்குக் கோடும் வலப்பக்கம் ஒரு நெடுக்குக் கோடும் கிடைக்கும். அதைச் சற்று உயர்த்தி 'ர'வுக்குப் பக்கத்தில் சேர்த்தால் மேல்விலங்கு, 'ரி' தயார்.

எழுத்துப் பட்டை, பின்னணி, எழுத்துப் பட்டை, பின்னணி, எழுத்துப் பட்டை என்று ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்து, அடியில் ஒரு நீளப் பட்டை போட்டால் 'ய'. அந்த ஐந்தில் வலப்பக்கப் பின்னணித் துண்டின் தலையில் மட்டும் முதலிலேயே ஒரு சிறு பட்டையை வைத்து மூடிவிட்டால் 'ம'.

புள்ளி என்பது ஒன்றரை இஞ்ச் சதுரம் ஒன்று. அதன் இருபுறமும் பின்னணித் துண்டு தைத்து, எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு பின்னணிப் பட்டை விட்டு, தலைக்கு மேல் இணைத்துவிடலாம். ஆய்த எழுத்தோ மூன்று சதுரம். 'ஃபாத்திமா' என்று எழுத ஆசைப்படும் சகோதரிகள் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

இப்போது 'மரியம்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ம, ரி, ய, ம். முழுக்க நேர்கோடு. 'பட்டம்மா'வும் அப்படித்தான். புதிதாக வருபவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களைத்தான் முதல் பயிற்சியாகக் கொடுக்கிறோம்.

வளைவுள்ள எழுத்துகளுக்கு ஒரு தந்திரம் உண்டு. கட்டத்தின் மூலையில் ஒரு சிறு பின்னணிச் சதுரத்தைக் கவிழ்த்து வைத்து, மூலைக்கு மூலை குறுக்காகத் தைத்து, வெளிப்பக்கம் மிஞ்சும் துணியை வெட்டிவிட்டு மடித்துவிட்டால் கூர்மூலை மழுங்கி வளைவு போலத் தோன்றும். 'வ', 'ல' எல்லாம் இப்படி ஓரளவு வரும். 'ஷ', 'ஜ', 'ஹ' போன்றவற்றை நாங்கள் தொம்பை முறையிலேயே, மேலே வைத்துத் தைத்துவிடுகிறோம். ஒரே பெயரில் இரண்டு முறையும் கலக்கலாம், குற்றமில்லை.

கோணல் இருக்கட்டும்

எழுத்துகள் ஒரே உயரத்தில் வராது. ஒன்று ஐந்தரை இஞ்ச் இருக்கும், இன்னொன்று ஆறேகால் இருக்கும். பிரிக்காதீர்கள். குட்டையான எழுத்தின் தலையிலோ காலடியிலோ ஒரு பின்னணிப் பட்டையைச் சேருங்கள். புள்ளி வைத்த எழுத்துக்குச் சமமாக மற்ற எழுத்துகளின் தலையிலும் பின்னணிப் பட்டை வையுங்கள். எல்லாம் ஏறக்குறைய சமமானதும், எழுத்துக்கு எழுத்து நடுவே ஒரு பட்டை விட்டு வரிசையாகத் தைத்து, கடைசியில் மேலும் கீழும் நேராக வெட்டிவிட்டால் பெயர்ப்பலகை தயார். 'மரியம்' சுமார் இரண்டடி அகலம் வரும்.

கோடு கொஞ்சம் சாய்ந்தால் எழுத்து கெடாது. நாம் கையால் எழுதும்போது ஒரு 'ம' போல இன்னொரு 'ம' இருக்கிறதா? ஆனால் மூன்று தவறுகளை நாங்கள் செய்து பாடம் கற்றோம். நீங்கள் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இடவல மாற்றம். துணியைக் கவிழ்த்துத் தைப்பதால் 'ட' கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும். ஒவ்வொரு எழுத்தையும் தைப்பதற்கு முன் துண்டுகளைத் தரையில் பரப்பி, எழுந்து நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இரண்டு, சாயம். சிவப்புத் துண்டு ஒன்றைத் துவைக்காமல் தைத்தோம். முதல் துவைப்பிலேயே வெள்ளைப் பின்னணி ரோஜா நிறமாகிவிட்டது. எல்லாத் துணியையும் முன்கூட்டியே துவைத்துவிடுங்கள். ஈரத்துணியை வெள்ளைக் கந்தலில் அழுத்திப் பார்த்தால் சாயம் விடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

மூன்று, துணி வகை. பருத்தியோடு பருத்தியைத்தான் சேர்க்க வேண்டும். குடியாத்தம் லுங்கி, பழைய வாயில் சேலை, பள்ளிச் சட்டை நன்றாக வரும். நைலான் வழுக்கும், ஜீன்ஸ் துணியில் தையல் மடிப்பு மேடுதட்டும்.

பெயர்ப்பலகையைப் போர்வையின் தலைமாட்டில் வைத்து, மற்றப் பகுதியைப் பெரிய துண்டுகளால் நிரப்புகிறோம். அடியில் பழைய சேலை, நடுவில் நைந்த கம்பளி அல்லது இரண்டு மடிப்புச் சேலை, மேலே தைத்த பரப்பு. மூன்றையும் சேர்த்து நெருக்கமாகக் கை ஓட்டுத்தையல் போட்டு ஓரம் மடித்தால் போர்வை முடிந்தது.

ஓர் எச்சரிக்கை

புனித கஅபாவின் கிஸ்வாவில் இறைவசனங்கள் தங்க, வெள்ளி இழைகளால் புடைப்பாகப் பின்னப்பட்டிருப்பதைப் பார்த்த நமக்கு, போர்வையிலும் அப்படி வைத்தால் என்ன என்று தோன்றலாம். கிஸ்வா உயரத்தில் தொங்குவது. போர்வை காலுக்குக் கீழே போகும், தரையில் விழும், குழந்தை நனைக்கும். ஆகவே இறைவசனத்தையோ அல்லாஹ்வின் திருப்பெயர்களையோ எந்த மொழியிலும் போர்வையில் தைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அப்துல்லா, அப்துர் ரஹ்மான் போன்று திருப்பெயர் கலந்த பெயர் உள்ளவர்களிடம், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு அந்தப் பெயரை வைக்கிறோம். இதில் ஐயம் உள்ளவர்கள் தங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

துணியில் ஒரு பெயர் என்ன செய்யும்?

"போர்த்திக்கொள்வதற்குப் பெயர் எதற்கு?" என்று ஒரு நன்கொடையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு நாங்கள் சொன்ன இரண்டு செய்திகளை உங்களுக்கும் சொல்கிறோம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வெளிநாட்டுப் பெண்களும் குழந்தைகளும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். கணவன்மார் வேறு இடங்களில் பிரித்து வைக்கப்பட்டார்கள். கடிதம் அனுப்ப வழியில்லை. எத்தல் முல்வானி என்ற கனடியப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். பெண்கள் ஆளுக்கு ஒரு சிறு சதுரத் துணியில் தன் பெயரையும், தன்னை நினைவூட்டும் ஏதேனும் ஒரு படத்தையும் ஊசியால் வேலை செய்து கொடுக்க வேண்டும். அவற்றை இணைத்துப் போர்வையாக்கி, காயம்பட்டவர்களுக்கு என்று மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். போர்வைக்கு 66 சதுரங்கள் வீதம் மூன்று போர்வைகள் தைத்தார்கள். காவலர்கள் தடுத்துவிடாமல் இருக்க ஒன்றை ஜப்பானிய வீரர்களுக்கு என்றே தைத்தார்கள். போர்வை போய்ச் சேர்ந்த இடத்தில், தன் மனைவியின் பெயரைத் துணியில் பார்த்தவனுக்கு அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது தெரிந்தது. அவற்றில் இரண்டு இன்று ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் உள்ள போர் நினைவகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இரண்டாவது செய்தி அமெரிக்காவில். எய்ட்ஸ் நோய் பரவிய காலத்தில், அதில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லவே பல குடும்பங்கள் அஞ்சின. முறையான இறுதிச் சடங்குகூடப் பலருக்குக் கிடைக்கவில்லை. உற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆறடிக்கு மூன்றடித் துணி எடுத்தார்கள். அது ஒரு கல்லறையின் அளவு. அதில் துணி எழுத்தில் பெயர் வைத்துத் தைத்தார்கள். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரின் பெரிய புல்வெளியில் அவற்றை விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன. இன்று அது ஏறக்குறைய 50,000 துணிகளாகப் பெருகியிருக்கிறது. ஊர் சொல்லக் கூசிய பெயர்களை ஊசி சொல்லியது.

நம்முடைய போர்வை அவ்வளவு பெரிய காரியம் இல்லை. ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்தோம். வகுப்புக்கு வரும் சகோதரிகளில் சிலர் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவர்கள். வங்கியில் கைநாட்டு வைப்பவர்களும் இருந்தார்கள். அடுத்தவருக்காக 'ப', 'ட', 'ம' என்று தைக்கத் தொடங்கியவர்கள், மிச்சத் துணியில் தங்கள் பெயரைத் தைத்துப் பார்த்தார்கள். கையால் தைத்த எழுத்தைப் பேனாவால் எழுதுவது அவர்களுக்குக் கடினமாக இல்லை. "துணியில எந்தப் பக்கம் பட்டை போடணும்னு தெரியும், அதே பக்கம் கோடு போட்டேன்" என்றார் ஒருவர். வருகைப் பதிவேட்டில் இப்போது கைரேகை இல்லை.

திண்ணையில் போர்வையை மடித்து வைத்திருந்த அந்த ஆயாவுக்கும் அடுத்த குளிர்காலத்தில் ஒரு போர்வை தைத்துக் கொடுத்தோம். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரித்து, விரலால் தடவிப் பார்த்தார். இணைத்த இடங்களில் தையல் மடிப்பு மெல்லியதாகப் புடைத்திருக்கும் அல்லவா? எந்த எழுத்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "கரண்டு இல்லாட்டியும் தலைமாடு எதுன்னு கைக்குத் தெரிஞ்சிடும்" என்றார். பிறகு மடித்து வைத்தார், பெயர் வெளியே தெரியும்படி.

உங்களிடம் கேட்பது

தையற்கடை வைத்திருக்கும் சகோதரர்கள் பருத்தி வெட்டுத்துணிகளை வீசிவிடாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். நான்கு விரல் அகலம் இருந்தாலே ஓர் எழுத்துக்கு உதவும். வீடுகளில் உள்ள பழைய பருத்திச் சேலை, லுங்கி, துப்பட்டா ஆகியவற்றைத் துவைத்துக் கொடுங்கள். போர்வை தேவைப்படும் முதியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்களை எப்படி அழைக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு, ஒற்று, புள்ளி பிசகாமல் எழுதித் தாருங்கள். பெயர் தவறினால் பிரித்துத் தைப்பது மிகவும் கடினம்.

நன்கொடை தந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயரும் நமது அறக்கட்டளையின் பெயரும் இனி எந்தப் போர்வையிலும் இருக்காது. வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நாம் கொடுத்தது அறிய வேண்டியவனுக்குத் தெரியும்.